கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகள்: டிராக்கோமா ஒழிப்புக் கூட்டணிக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதார அமைப்பின் டிராக்கோமா ஒழிப்புக் கூட்டணியில் இருப்பவர்களுக்கும், நாடுகள்தோறும் அந்த வேலையைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கண் மருத்துவர் இல்லை. கிருமியால் தொற்றி, மெல்ல மெல்லப் பார்வையைப் பறிக்கும் கண்நோயான டிராக்கோமாவைக் கணக்கெடுக்கும் குழுவில் பதிவாளராக வேலை பார்த்த ஆள். குழுவில் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழந்தையின் மேல் இமையைத் திருப்பி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். இமையின் உள்பக்கம் நடுப்பகுதியில், அரை மில்லிமீட்டருக்குக் குறையாத வெளிறிய மணிகள் ஐந்தோ அதற்கு மேலோ தெரிந்தால் 'டிஎஃப்' என்பார்; அந்தக் கண்ணில் டிராக்கோமாவின் அடையாளம் இருக்கிறது என்பதற்கான சுருக்கக் குறி அது. நான் போனில் பதிவேன். அடுத்த குழந்தை. 1987இல் வகுத்த எளிய அளவுகோல் இது. இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கிறது. நீங்கள் ஜெனீவாவில் உட்கார்ந்து படிக்கும் சதவீதமெல்லாம் இப்படி ஏதோ ஒரு வாசல்படியில் பிறந்ததுதான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், ஒப்புக்குச் சொல்லவில்லை. 2002இல் டிராக்கோமாவால் பாதிக்கப்படும் ஆபத்தில் இருந்தவர்கள் சுமார் 150 கோடி. 2025 ஏப்ரல் கணக்குப்படி அது சுமார் 10.3 கோடி. ஒரு தலைமுறைக் காலத்தில் இவ்வளவு இறக்கம் கண்ட தொற்றுநோய்கள் அதிகம் இல்லை. 2012இல் ஓமன் முதல் நாடாக இந்த நோயின் பிடியிலிருந்து வெளியே வந்தது. மொராக்கோ, மெக்சிகோ, கம்போடியா, லாவோஸ், கானா, நேபாளம், மியன்மார், மலாவி என்று பட்டியல் நீண்டு, 2024இல் பாகிஸ்தானும் இந்தியாவும் வியட்நாமும் சேர்ந்தன. இதே இந்தியாவில் 1963இல் டிராக்கோமாவுக்கென்று தனித் தேசியத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை இருந்தது. மருந்து நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த, இந்தக் கிருமியைக் கொல்லும் அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் மட்டுமே 100 கோடி டோஸைத் தாண்டிவிட்டது. 2012 கடைசியில் தொடங்கிய உலக வரைபடத் திட்டத்தில் மூன்று ஆண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் 29 நாடுகளில் 26 லட்சம் பேரின் கண்களைப் பார்த்தார்கள். சராசரியாக 40 விநாடிக்கு ஓர் ஆள் என்று கணக்குச் சொல்வார்கள். வெயிலில் வீடு வீடாக நடந்தவர்களுக்குத்தான் அந்த 40 விநாடியின் அருமை தெரியும்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன்.

ஒரு நகரத்தின் ஓரத்தில் வேலை. எங்கள் கையில் இருந்த பட்டியலில் அந்தப் பகுதிக்கு இத்தனை வீடு என்று அச்சடித்திருந்தது. அத்தனையும் ஓடு போட்ட, சிமெண்ட் பூசிய, எண் எழுதிய வீடுகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தகரமும் தார்ப்பாயுமாக ஒரு வரிசை. அங்கேயிருந்து மூன்று குழந்தைகள் எங்களை வேடிக்கை பார்க்க வந்தன. மூன்றுக்கும் மூக்கு ஒழுகியிருந்தது, கண்ணோரம் பீளை காய்ந்திருந்தது, ஈ மொய்த்தது. இமையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த வரிசை பட்டியலில் இல்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். மாதிரி எடுக்கும் முறையை ஆளாளுக்கு இஷ்டப்படி மாற்றினால் கணக்கே கெட்டுவிடும். பட்டியலில் இருந்த வீடுகளை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். அந்தக் குழந்தைகளுக்கு டிராக்கோமா இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. சாதாரணக் கண்வலியாகக்கூட இருந்திருக்கலாம். என் குறையெல்லாம், அதைத் தெரிந்துகொள்ள எங்கள் முறையில் இடமே இல்லை என்பதுதான்.

பட்டியலுக்குள் வந்துவிட்டாலும் பிரச்சினை தீர்வதில்லை. ஒரு நாடு டிராக்கோமாவை நீக்கிவிட்டதாகச் சொல்ல, ஒவ்வொரு கணக்கெடுப்பு அலகிலும் 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் டிஎஃப் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஓர் அலகு என்றால் ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் மக்கள். சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு இது நல்ல அளவு. பத்து மைல் தள்ளியிருக்கும் இரண்டு கிராமங்களின் தண்ணீரும் வறுமையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நகரத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்குமே அப்படி இருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகரத்து அலகு ஒன்றில் 30 கொத்துகளை, அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு தொகுதிகளை, தேர்ந்தெடுக்கிறோம். மக்கள்தொகை விகிதப்படி அதில் 3 கொத்து நெரிசலான குடிசைப் பகுதியில் விழுகிறது. அங்கே நான்கில் ஒரு குழந்தைக்கு டிஎஃப் இருக்கிறது, அதாவது 25 சதவீதம். மீதி 27 கொத்துகளில் 1 சதவீதம். மொத்தச் சராசரி எவ்வளவு வரும்? 3.4. தேறிவிட்டோம்! அந்த மூன்று கொத்தும் பட்டியலிலேயே இல்லாவிட்டால் சராசரி 1. இன்னும் அழகாகத் தேறிவிட்டோம். அந்த அலகுக்கு மருந்து வராது. மூன்று கொத்துகளில் இருக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் கிருமியைக் கொடுத்துக்கொண்டே வளருவார்கள்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். 5 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் கிருமி பார்வையைப் பறிக்கிற அளவுக்குத் தொடர்ந்து பரவ முடியாது, தானாகவே தேய்ந்துவிடும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 5 சதவீதம் ஊர் முழுக்கப் பரவலாகக் கலந்திருந்தால்தானே? டிராக்கோமாவை உண்டாக்கும் கிளமிடியா கிருமி சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை. ஒரே பாயில் படுக்கிற தம்பியிடமிருந்து அக்காவுக்கு, அக்காவின் முகத்தைத் துடைத்த முந்தானையிலிருந்து அம்மாவுக்கு என்றுதான் போகிறது. ஒரு தடவை தொற்றினால் யாருக்கும் பார்வை போவதில்லை. குழந்தைப் பருவம் முழுக்க மறுபடி மறுபடி தொற்றி, இமையின் உள்பக்கம் தழும்பேறி, வளர்ந்த பிறகு இமை உள்ளே மடங்கி, முடி கருவிழியை உரசி உரசித்தான் பார்வை போகிறது. அந்த 'மறுபடி மறுபடி' நடப்பதற்கு நெருக்கமாக வாழும் இருநூறு குடும்பம் போதாதா?

சின்ன இடத்து நோய் பெரிய சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. இந்தியாவின் கார் நிக்கோபார் தீவில் 2010இல் பார்த்தபோது குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிராக்கோமா இருந்தது. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. தனியாகப் போய்ப் பார்த்தார்கள், எல்லோருக்கும் மூன்று ஆண்டு மருந்து கொடுத்தார்கள், எண் 7 சதவீதத்துக்குள் இறங்கியது. ஆஸ்திரேலியா போன்ற வளமான நாட்டிலும் தொலைதூரத் தொல்குடி ஊர்களில் மட்டும் இந்த நோய் 21ஆம் நூற்றாண்டு வரை தங்கியிருந்தது. சிட்னியையும் மெல்பர்னையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் அங்கே டிராக்கோமாவே இல்லை என்றுதான் வந்திருக்கும்.

ஆனாலும் "டிராக்கோமா கிராமத்து நோய்" என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் கிராமத்தைப் பார்த்தே போயின. இன்றைய நிலவரத்தில் அது பெருமளவு உண்மைதான். மிச்சமிருக்கும் சுமையில் பாதிக்கு மேல் எத்தியோப்பியாவில், அதுவும் கிராமப்புறங்களில்தான் இருக்கிறது. ஆனால் நோயின் வரலாறு வேறு மாதிரி. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு வீரர்களோடு ஐரோப்பாவுக்குப் பெருவாரியாக வந்த கண்நோயில் இதுவும் ஒன்று. அந்தக் கொள்ளைநோயின் தொடர்ச்சியாகத்தான் 1805இல் லண்டனில் இன்றைய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை பிறந்தது. நோய் படைமுகாமில் பரவி, அப்புறம் நகரத்து ஏழைகளின் ஒண்டுக் குடித்தனங்களில் குடியேறியது. அமெரிக்கா 1897இல் இதை ஆபத்தான தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரின் இமையையும், பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியால் திருப்பிப் பார்த்து, நோய் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கொக்கிக்கும் எங்கள் குழுவின் விரலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நோக்கம்தான் வேறு. பெய்ஜிங்கில் தாங் ஃபைஃபான் என்ற நுண்ணுயிரியலாளர் கோழி முட்டைக்குள் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியது 1957இல். சந்தேகம் தீரத் தன் கண்ணிலேயே அதை விட்டுக்கொண்ட மனிதர் அவர். அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பே லண்டனிலும் நியூயார்க்கிலும் நோய் பெரும்பாலும் வடிந்துவிட்டது. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கொஞ்சம் தாராளமான வீடுகளும் வந்ததுதான் பெரிய காரணம் என்பார்கள். அவை வந்து சேராத பகுதிகள் இன்றைய நகரங்களில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிசைப் பகுதி என்றாலே டிராக்கோமா இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றில் இருக்காது என்பதே என் ஊகமும். நகரத்தில் தெருக்குழாயாவது இருக்கும், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஜனங்கள் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிக்கொண்டேயிருப்பார்கள், அதில் இந்தக் கிருமியும் கொஞ்சம் சாகும். ஆனால் ஊகத்தை வைத்துச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது இல்லையா?

அடுத்த விஷயம் பெரியவர்களைப் பற்றியது. இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

15 வயதுக்கு மேற்பட்டவர்களில், இமை முடி உள்நோக்கித் திரும்பி, சுகாதாரத் துறைக்குத் தெரியாமல் இருப்பவர்கள் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. காகிதத்தில் மிகச் சின்ன எண். இரண்டு லட்சம் பேர் இருக்கும் அலகில் 15 வயதுக்கு மேலானவர்கள் 1,30,000 என்று வைத்துக்கொண்டால், 0.2 சதவீதம் என்பது 260 பேர். இமையை மூடித் திறக்கும்போதெல்லாம் முடி கருவிழியில் குத்தும். தூசி விழுந்தால் நாம் துடிக்கிற துடிப்பை நாள் முழுக்க அனுபவிப்பார்கள். வெயிலில் நிற்க முடியாது, அடுப்புப் புகை ஆகாது. பலர் இடுக்கி வைத்துக்கொண்டு தாங்களே முடியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அது அரைகுறையாக உடைந்து, முளைத்து வரும்போது இன்னும் கூர்மையாகக் குத்தும். டிராக்கோமாவால் பார்வை போகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு நான்கு மடங்கு வரை அதிகம். குழந்தையைத் தூக்கிச் சுமந்து வளர்த்தவர்கள் அவர்கள்தானே.

இவர்களில் பலர் நகரத்தில் நோய் வாங்கியவர்கள் இல்லை. கிராமத்தில் பிறந்து, அங்கே சிறுவயதில் தொற்றி, வயதான பிறகு பிழைப்புக்கு வந்த மகனோடோ மகளோடோ நகரத்து ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவர்கள். கிராமத்தில் என்றால் கண் நோயாளிகளைத் தேடி வரும் சுகாதாரப் பணியாளர் ஒருவராவது இருப்பார். எந்தக் கிழவிக்குக் கண்ணில் தொல்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். நகரத்தில் அடுத்த அறைக்காரருக்கே தெரியாது. கிராமத்துக் கணக்கிலிருந்து அந்த அம்மா கழிந்துவிட்டார், நகரத்துக் கணக்கில் ஏறவில்லை. நோய் குறைந்தது என்று நாம் கொண்டாடுவதில் இப்படி இடம் மாறியவர்கள் எத்தனை பேர்?

அந்த 'சுகாதாரத் துறைக்குத் தெரியாத' என்ற சொல்லையும் சற்றுப் பாருங்கள். திரும்பிய இமையைச் சரிசெய்யும் அறுவைக்குத் தேதி குறிக்கப்பட்டவர்கள், அறுவை செய்தும் முடி மறுபடி உள்ளே திரும்பியவர்கள், அறுவை வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் 'தெரிந்தவர்கள்'. அவர்களைக் கழித்துவிட்டுத்தான் 0.2ஐ ஒப்பிடுகிறோம். துறை தன் கடமையைச் செய்ததா என்று அளப்பதற்கு இது நியாயமான ஏற்பாடு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம் என்ற ஒருவர் ஏன் அப்படிச் சொன்னார்? அறுவை இலவசம்தான். கட்டுப் போட்ட கண்ணோடு வீட்டில் இருக்கும் நாட்களின் கூலியை யார் தருவார்கள்? மகள் வேலைக்குப் போயிருக்கும்போது பேரக்குழந்தையை யார் பார்ப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள்? இதையெல்லாம் கேட்காமல் 'மறுத்தார்' என்று பதிவு செய்தால், கேள்வி முடிந்து பெயர் பட்டியலிலிருந்து கழிந்துவிடுகிறது. நானும் அப்படிப் பதிவு செய்திருக்கிறேன். படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரக்கோலை வைத்து அளந்து ஒரே வேளை மாத்திரை கொடுக்கும் முறை கிராமத்தில் அருமையாக வேலை செய்கிறது. நகரத்தில் பகல் பத்து மணிக்குக் குடிசைப் பகுதிக்குப் போனால் கதவில் பூட்டு தொங்கும். பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பத்து வயதுப் பெண் தங்கையைக் கவனித்துக்கொண்டு இருப்பாள். 80 சதவீதம் பேருக்கு மருந்து சேர வேண்டும் என்ற இலக்கை எட்ட வேண்டுமானால் மாலையிலும் விடுமுறை நாளிலும் போயாக வேண்டும். அப்படிப் போய்வர ஊழியர்களுக்குத் தனிப்படி கொடுங்கள். ஆறு மாதத்தில் பாதிக் குடித்தனம் மாறிவிடும் தெருவில் ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்தால் போதுமா என்பதையும் யோசியுங்கள்.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடித்தால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அறுவை, மருந்து, முகச் சுத்தம், சுற்றுச்சூழல் என்ற நான்கும் சேர்ந்த 'சேஃப்' திட்டத்தில் முதல் இரண்டுக்குத்தான் பணமும் கவனமும் போகிறது, கடைசி இரண்டும் சுவரொட்டியோடு நின்றுவிடுகின்றன என்று எல்லோரும் குறைசொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் ஊர்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, சில ஊர்களுக்குத் தண்ணீரும் சுகாதாரப் பயிற்சியும் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். குழந்தைகளின் கண்ணில் இருந்த கிருமியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022இல் வெளியான அந்த முடிவு என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு கிணறும் நான்கு சோப்புக்கட்டியும் போதாது போலிருக்கிறது. லண்டனில் நோயை விரட்டியது வீட்டுக்குள் வந்த குழாயும், மலத்தை ஊரைவிட்டே கொண்டுபோன சாக்கடையும், கூடவே மாறிய வாழ்க்கையும். நோயைச் சுமக்கும் ஈ மனித மலத்தில், அதுவும் திறந்த வெளியில் கிடப்பதில்தான் விரும்பி முட்டையிடும். இந்த இடத்தில் நகரத்துக்கு ஒரு வசதி உண்டு. ஆயிரம் குடும்பம் ஒரே இடத்தில் இருப்பதால், குழாயும் கழிவறையும் கொண்டுவர ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு சிதறிய கிராமத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தடை பெரும்பாலும் செலவு இல்லை. அந்த இடம் யாருடையது, குழாய் போட்டுக்கொடுத்தால் குடியிருப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் போக்குவது கண் மருத்துவத் துறையின் கையில் இல்லை. உங்கள் கூட்டங்களுக்கு மாநகராட்சிப் பொறியாளர்களையும் நில வருவாய் அதிகாரிகளையும் கூப்பிடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

உங்களிடம் புதிய கருவி ஒன்றும் இருக்கிறது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வடிதாளில் காயவைத்து, கிருமியின் பிஜிபி3 என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் அது இருந்தால், அந்தக் குழந்தை பிறந்த பிறகுதான் கிருமியைச் சந்தித்திருக்கிறது. இமையில் மணி இருக்கிறதா இல்லையா என்று பயிற்சி பெற்றவர்களுக்கே கைநடுங்கும் நிலை இப்போது வந்துவிட்டது; நோய் அரிதாகிவிட்டதால் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டிப் பழக்கக்கூட நோயாளி கிடைப்பதில்லை. சில பசிபிக் தீவுகளில் இமையில் மணிகள் நிறைய இருந்தும் கிருமி மிகக் குறைவாகவே இருந்ததையும் பார்த்தோம். நகரத்தில், ஆபத்து அதிகம் என்று தோன்றும் குடியிருப்புகளை மட்டும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிரதிநிதித்துவ மாதிரியாக அது இருக்க வேண்டியதில்லை. அதன் எண்ணைச் சராசரியில் சேர்க்கவும் வேண்டாம், தனியாக வெளியிட்டால் போதும்.

அப்புறம் ஒரு சொல் பற்றி. நீங்கள் கொடுப்பது 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது' என்ற சான்று. செய்தித்தாளில் அது 'அடியோடு ஒழிந்தது' என்று வருகிறது. மறுநாளே அந்த நாட்டில் டிராக்கோமாவுக்கென்று இருந்த பணியிடத்தை வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறார்கள். இதில் இந்தியா செய்ததைக் குறிப்பிட வேண்டும். குழந்தைகளிடம் தொற்று இல்லை என்று 2017இல் அறிவித்த பிறகும், 2021 முதல் 2024 வரை 200 மாவட்டங்களில் இமை முடி திரும்பியவர்களைத் தேடிப் போனார்கள். சான்று அதற்கப்புறம்தான் வந்தது. சான்று வந்த பிறகும் அதே போலத் தேடுவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் பணம் ஒதுக்க வேண்டும் என்பதைச் சான்றின் நிபந்தனையாகவே வையுங்கள். நீங்கள் இலக்காக எழுதி வைத்திருக்கும் 2030ஆம் ஆண்டுக்கு அதிக நாள் இல்லை என்பதால், அவசரத்தில் முதலில் வெட்டுப்படப்போவது இந்தத் தேடல்தான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த நகரத்துக் கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் தயாரானதும், அதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், செயற்கைக்கோள் படத்தையும் அந்தப் பகுதியைத் தெரிந்த ஒரு பால்காரரையோ தபால்காரரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கமும் தண்டவாளத்துக்கு ஓரமும் பாலத்துக்குக் கீழும் எத்தனை கூரை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்காமல் அந்த மூன்று குழந்தைகளின் இமையையும் யாராவது ஒரு பதிவாளர் பதிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய பதிவாளர்